கூடாரத்தார் கட்டிய இரும்புப் பள்ளிக்கூடம்

பதுளையிலிருந்து மலையேறிப் பசறைப் பக்கம் போய் விஜேந்திரன் வீடு எங்கே என்று கேட்டால் நான்கு பேர் நான்கு திசை காட்டுவார்கள். கூடாரத்தார் வீடு என்று கேளுங்கள், மூன்று வயதுக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். கூட்டுமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில், மூன்றாம் லய வரிசையின் கடைசிக் காம்பராவான ஒற்றை அறைதான் வீடு. அதை ஒட்டி அவரே இழுத்துக் கட்டிக்கொண்ட தகரக் கொட்டகைதான் வியாபாரம். உள்ளே படங்குத் துணிகளும் கயிறுகளும் இரும்புக் குழாய்களும், எண்ணினால் பத்துக்கு ஒன்று கால் ஆடுகிற பிளாஸ்டிக் கதிரைகளும் கூரை முட்ட அடுக்கியிருக்கும்.

கல்யாணம், காதுகுத்து, சாவு, திருவிழா எதுவானாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கூடாரம் அவருடையதுதான். இருபத்திரண்டு வருடமாக இதே தொழில். ஒரு முற்றத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும், எத்தனை கால், எத்தனை முளை, காற்று எந்த மூலையால் வரும் என்று சொல்லிவிடுவார். கட்டி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடும் ஆளும் இல்லை. காரியம் முடிந்து கடைசி ஆள் வெளியேறும்வரை கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். தாலி கட்டும் நேரம் ஊரே மணவறையைப் பார்க்கும், இவர் மட்டும் அண்ணாந்து படங்கைப் பார்ப்பார். இத்தனை கல்யாணத்துக்குப் போயும் ஒரு பொண்ணு மாப்பிள்ளை முகமாவது இவருக்கு ஞாபகம் இருக்குமா என்று மனைவி யசோதினி கேலி செய்வாள். அவள் சொல்வது உண்மைதான்.

அப்படிப்பட்ட மனிதர், ஊர் கூடிய சபையில் எழுந்து நின்று கூடாரம் வேண்டாம் என்று சொன்னார். கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விஷயம் இதுதான். போன கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மலை நாட்டில் எங்கெங்கோ மண் சரிந்தது. மேல்பிரிவில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்து மேடு இறங்கிவிட்டது. சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதிகாரிகள் வந்து பார்த்து, இனி இதற்குள் ஒரு பிள்ளையும் காலெடுத்து வைக்கக் கூடாது என்று கதவைப் பூட்டிவிட்டார்கள். புதுக் கட்டடம் வர இரண்டு வருடமாவது ஆகும். அதுவரை கோயிலுக்குக் கீழே உள்ள விளையாட்டுத் திடலில் தற்காலிகமாக ஏதாவது அமைத்துக்கொள்ளலாம், அந்த இடம் உறுதியானது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அதோடு பதுளைக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது. பொங்கல் கழிந்து வரும் திங்கட்கிழமை பள்ளி திறக்கும்போது பாதுகாப்பான கூரை இருக்க வேண்டும். இல்லையென்றால் நாற்பத்தேழு பிள்ளைகளையும் பிரித்துப் பசறையில் உள்ள இரண்டு பள்ளிக்கூடங்களில் சேர்த்துவிடுவார்கள்.

எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார்கள். ஆனால் அந்த மலைப்பாதையில் காலையில் ஒரே ஒரு பஸ். அது வந்தாலும் வரும், வராமலும் போகும். முதலாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் படிக்கிற பிள்ளையை அந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தாய் எப்படிக் கொழுந்தெடுக்கப் போவாள்? இரண்டு வாரம் அனுப்புவாள், மழை வரும், ஒரு நாள் நிற்கும், அப்புறம் நின்றேவிடும். விஜேந்திரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் சிறுவனாக இருந்தபோது மேல்பிரிவில் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்புவரைதான். நான்காம் வகுப்புக்குப் பசறைக்குப் போனார். சரியாகப் பதினேழு நாள் போனார். அத்தோடு சரி.

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. அதிபர் லீலாதேவி டீச்சர்தான் பேசினார். யாழ்ப்பாணத்துக்காரி, பதுளை டவுனில் குடியிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர், பதினொரு வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தைத் தோளில் சுமக்கிறவர். உதவி நிறுவனம் ஒன்று இரண்டில் ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருக்கிறது என்றார். ஒன்று, பெரிய வெள்ளைக் கூடாரம். மொத்தப் பள்ளிக்கூடமும் உள்ளே அடங்கும், மூன்றே நாளில் நிமிர்ந்துவிடும். மற்றது, துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டுகிற இரும்பு அறை. கொங்கிரீட் கட்டைமேல் சட்டத்தை நிறுத்தி, சுவர்ப் பலகைகளை நட்டும் போல்ட்டும் போட்டு முடுக்க வேண்டும். இரண்டு அறைதான் கிடைக்கும், இடமும் கொஞ்சம் நெருக்கம், வந்து சேரவே நான்கு ஐந்து வாரம் ஆகும்.

கூட்டத்துக்குக் கணக்குப் போட நேரம் பிடிக்கவில்லை. மூன்று நாள் எங்கே, ஐந்து வாரம் எங்கே? பெரிசு எங்கே, சிறிசு எங்கே? போதாக்குறைக்கு, கூடாரத்தை இரண்டு வருடமும் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைச் சம்பளத்தோடு போடுவதாகவும் நிறுவனம் சொல்லியிருந்தது. ஆள் யார் என்று கேட்கவே தேவையில்லை. எல்லோருடைய முகமும் விஜேந்திரன் பக்கம் திரும்பியது.

அவர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கூடாரம் வேணாங்க. இரும்பையே கேளுங்க."

"என்னாது?" என்றாள் பெரியாயி. கொழுந்தெடுக்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் குரல். மலையின் இந்த முனையில் நின்று அவள் கூப்பிட்டால் அந்த முனையில் இருக்கிறவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். "ஒன்னோட தொழிலு கூடாரம். ஒனக்கே அது வேணாமா?"

"என் தொழிலுங்கிறதாலதான் சொல்றேன். கூடாரம்னா அது ஒரு நாளு ரெண்டு நாளு நிக்கிற சாமான். அதுவும் தானா நிக்காது. நான் நிக்கிறதாலதான் அது நிக்குது. காத்து மாறுனா கயித்த மாத்தணும், மழ பேஞ்சா தண்ணி தேங்காம தட்டிவிடணும், முளை எளகுனா அடிக்கணும். இந்த மழக்கி திடல்ல மண்ணு ஊறிப்போய்க் கெடக்கு. ரெண்டு வருசம், ஆடிக் காத்தும் சேத்து, பிள்ளைங்கள உள்ள வச்சிக்கிட்டு எவனால முடியும்? என்னால முடியாதுங்க."

"சம்பளம் தருவாங்கள்ல?"

"சம்பளம் வாங்குன கையி காத்தப் பிடிச்சு நிறுத்துமா?"

மண்டபத்தில் சலசலப்பு. ஐந்து வாரத்துக்குள் இரும்பு வராமல் போனால் பிள்ளைகள் கதி என்ன என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. லீலாதேவி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விஜேந்திரன், நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா சனம் நம்ப வேணுமே. இதை எப்பிடிக் காட்டுறது?"

"காட்டலாங்க டீச்சர். என்கிட்ட இருக்கிறதுலயே நல்ல கூடாரத்தத் திடல்ல போடுறேன். ஒரு நாள் முழுக்கப் பிள்ளைங்கள உள்ள வச்சுப் பாடம் நடத்திப் பாருங்க. அப்பறம் நீங்களே சொல்லுங்க."

விடுமுறைதான், ஆனாலும் முப்பது பிள்ளைகளுக்கு மேல் வந்துவிட்டார்கள். கூடாரத்துக்குள் பாடம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? புதுப் படங்கு, புதுக் கயிறு, ஒன்றரை முழ முளை. கட்டும்போது பெரியாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கூடவே நின்றாள். வேண்டுமென்றே தளர்த்திக் கட்டிவிடுவாரோ என்று அவளுக்குச் சந்தேகம். நான்கு முடிச்சை அவளே இழுத்துப் பார்த்தாள். அவள் இழுத்த இழுப்பில் ஒன்று அவிழ்ந்துகொண்டது.

காலை எட்டு மணிக்கு மூடுபனி. படங்கின் உட்பக்கம் வியர்த்துச் சொட்டுச் சொட்டாகப் பிள்ளைகளின் கொப்பிகளில் விழுந்தது. ஒன்பதரைக்குக் காற்று எழும்பியது. விஜேந்திரன் வலப்பக்கக் கயிற்றை இறுக்கினார், இடப்பக்கம் தளர்ந்தது. இடப்பக்கம் ஓடினார். லீலாதேவி டீச்சர் கரும்பலகையின் ஓரத்தில் சோக்கால் ஒரு கோடு கிழித்தார். விஜேந்திரன் கயிறு இறுக்க ஓடும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. பிள்ளைகளுக்குப் பாடம் மறந்துபோனது, கோட்டை எண்ணுவதே வேலையாகிவிட்டது. பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. பக்கத்துத் திரையை விலக்கினால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கியது. ஒரு மூலை முளை சதக்கென்று பிடுங்கிக்கொண்டது. பெரியாயி பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். பிடித்தவளின் இரண்டு குதிகாலும் தரையை விட்டுக் கிளம்பின.

"ஏய் விஜேந்திரா! என்னைய விட்றாத டோய்!"

பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். இரண்டு ஆண்கள் ஓடிவந்து பெரியாயியின் இடுப்பைப் பிடிக்க, விஜேந்திரன் முளையை மறுபடி அடித்தார். அவள் மூச்சு வாங்க உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, கூடாரத்தை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள்.

"சரி, இரும்பே வரட்டும்" என்றாள்.

கரும்பலகையில் பத்தொன்பது கோடு இருந்தது. அன்று பின்னேரமே லீலாதேவி டீச்சர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்.

அதற்குப் பிறகுதான் விஜேந்திரனுக்கு நெஞ்சில் பாரம் ஏறியது. சொல்வது சுலபம். சொன்ன சொல்லின் மேல் நாற்பத்தேழு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். திடலில் கொங்கிரீட் கட்டைகளை ஊர் கூடிப் போட்டு முடித்துவிட்டது. இரும்புதான் வரவில்லை. மார்கழியும் முடியப்போகிறது, இரும்பைக் காணோம். மண் சரிந்து ரோட்டுகள் அங்கங்கே அடைபட்டுக் கிடந்ததால் இரும்பு அறை செய்கிற பதுளைப் பட்டறைக்குத் தகடு வந்து சேரவே பிந்திவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் எதிர்ப்படுகிற தாய்மார் எல்லாம் இவரைத்தான் கேட்டார்கள்.

"வீட்டுக்கு வந்த லட்சுமிய வாசல்லயே நிறுத்தி வழி சொல்லி அனுப்புனீங்க. இப்ப ஊரு வாயிலயும் விழுறீங்க" என்றாள் யசோதினி. திட்டினாளே தவிர, அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசிப்பதைப் பார்த்துவிட்டு, இன்னொரு அகப்பை குழம்பை ஊற்றவும் செய்தாள்.

தைப்பொங்கல் அன்று மதியம் லொறி வந்தது. பொங்கல் வியாழக்கிழமை. திங்கட்கிழமைக்கு நடுவில் மூன்றே நாள். லொறியும் மேலே ஏறவில்லை. திடலுக்கும் கீழே உள்ள கொண்டை வளைவில் அதன் மூக்குத் திரும்பியது, வால் திரும்பவில்லை. சாரதி இறங்கி நின்று தலையைச் சொறிந்தான். சாமானை இறக்கிவிட்டுப் போய்விடுகிறேன், பட்டறைக்காரர் றிஸாத் நாளைக் காலையில் பூட்டுவதற்கு ஆட்களோடு வருவார் என்றான்.

கூடாரத்தின் நடுக்குழாயாக இருந்தால் ஆறு பேர் வேண்டும், அந்த வளைவில் திருப்பவே முடியாது. இதுவோ துண்டுகள். ஒரு பலகைக்கு இரண்டு பேர் போதும். பொங்கல் சேலையோடு பெண்கள் இறங்கினார்கள், வேட்டியை மடித்துக்கட்டி ஆண்கள் இறங்கினார்கள். கீழ்ப்பிரிவிலிருந்து கோயிலுக்கு வந்திருந்தவர்களும் சும்மா நிற்கவில்லை. தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நூற்றுப் பன்னிரண்டு பலகைகளும் சட்டங்களும் கூரைத் தகடுகளும் ஏறின. பொழுது சாயும் முன்னே எல்லாம் திடலை ஒட்டிய பெரட்டுக் களத்தில், காலையில் தொழிலாளிகளைக் கூட்டி வேலை பிரிக்கும் அந்தச் சிமெந்துத் தரையில், அடுக்காகிவிட்டன. விஜேந்திரன் பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். அன்றைக்கு மாட்டைக் குளிப்பாட்டி மஞ்சள் குங்குமம் வைப்பதோடு நம் ஆட்கள் விடுவதில்லை. சோறு போடுகிற சாமான் எல்லாவற்றுக்கும் வைப்பார்கள். மண்வெட்டிக்கு வைப்பார்கள், தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கு வைப்பார்கள். அந்த வழக்கத்தில் வளர்ந்த பெரியாயி விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்கு வந்தாள். பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம் ஆகப்போகிற பலகைகள், வழியெல்லாம் சேறு அப்பி, மேலே ஏதோ கிறுக்கல் வேறு. அவளுக்கு மனசு கேட்குமா? பத்துப் பெண்களைக் கூட்டினாள். வாளி வாளியாக மஞ்சள் தண்ணீர், தேங்காய் நார். தேய்த்த தேய்ப்பில் நூற்றுப் பன்னிரண்டு பலகையும் பளபளத்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று கோடு சந்தனம், நடுவில் குங்குமம். கடைசிப் பலகைக்குச் சூடம் காட்டும்போது றிஸாத்தின் வேன் வந்து வளைவுக்குக் கீழே நின்றது.

றிஸாத் முப்பது வயதுக்காரன், சுறுசுறுப்பான ஆள். கையில் சுருட்டிய வரைபடத்தோடு ஏறி வந்தவன் களத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"அண்ணே, நம்பர் எங்க?"

"என்னா நம்பர் தம்பி?" என்றார் விஜேந்திரன்.

"ஒவ்வொரு பலகையிலயும் சோக்கால பெருசா எழுதி இருந்திச்சே! எது எங்க வரணும்னு இந்தப் படத்துல இருக்கிறதே அந்த நம்பர வச்சுத்தான்."

எல்லோரும் பெரியாயியைப் பார்த்தார்கள். கையில் இருந்த தேங்காய் நாரை அவள் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"அதுவா? லொறிக்காரப் பய கிறுக்கி வச்சிருக்கான்னுல்ல நெனச்சேன்."

அப்புறம் நடந்ததை விவரிக்காமல் விடுவதே மரியாதை. யார் கழுவச் சொன்னது, யார் தண்ணீர் மொண்டது, யார் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது என்று வாய்க்கு வாய் சண்டை. பெரியாயி முதலில் கத்தினாள், பிறகு தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பட்டறைக்குக் கொண்டுபோய் மறுபடி அடுக்கிப் பார்த்து எழுத வேண்டும், ஒரு வாரமாவது ஆகும் என்றான் றிஸாத். செய்தி கேட்டு பஸ்ஸில் வந்து இறங்கிய லீலாதேவி டீச்சர் களத்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றே நாளில் நிமிர்ந்திருக்கும் கூடாரத்தை வேண்டாம் என்று சொன்னவர் விஜேந்திரன்தான். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சும்மா நிற்க முடியாமல் பலகைகளுக்கு நடுவில் போய்க் குனிந்து பார்க்கத் தொடங்கினார். அவருடைய கூடாரச் சாமானில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. இந்தக் குழாய் கொஞ்சம் வளைந்தது, இந்தப் படங்கில் மூன்று ஒட்டு, இந்தக் கால் ஒரு விரற்கடை கட்டை. இடம் மாற்றிப் போட்டால் நிற்காது. அப்படி ஏதாவது அடையாளம் தெரியுமா என்று ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்த்தார். பத்துப் பார்த்தார், இருபது பார்த்தார். நிமிர்ந்து றிஸாத்தைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது எந்தப் பலகை?"

"தெரியலண்ணே. தெரிஞ்சா நான் ஏன் தலையில கைய வச்சிக்கிட்டு நிக்கிறேன்?"

"அந்தா கெடக்கே, அது?"

"அதுவும் தெரியாது."

"இதுக்கும் அதுக்கும் என்னா வித்தியாசம்?"

"நம்பர்தான்."

"நம்பர விட்டா?"

றிஸாத் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், மூடினான். இடுப்பிலிருந்து அளவு நாடாவை எடுத்து ஒன்றை அளந்தான். மற்றதை அளந்தான். ஓட்டைகளை எண்ணினான். மூன்றாவது ஒன்றையும் இழுத்து வந்து அளந்தான்.

"ஒன்னுமில்லண்ணே" என்றான், குரல் உள்ளே போய்விட்டது. "எல்லாம் ஒரே அச்சு. கதவு ரெண்டு, யன்னல் எட்டு, முகட்டுக்கு வாற சரிவுப் பலகை நாலு. அதுங்க பாத்தாலே தெரியும். மத்தது எல்லாம் எங்க வேணும்னாலும் பூட்டலாம்."

"அப்ப நம்பர் எதுக்கு?"

"லொறியில ஏத்தும்போது ஒன்னும் விட்டுப்போகாம இருக்கத்தான். படம் கீறுன தம்பி அதையே படத்துலயும் போட்டுட்டான். நானும் படத்தையே பாத்துப் பழகிட்டேன்."

பிறகு தலைத்துணிக்குள்ளிருந்து பெரியாயியின் குரல் வந்தது.

"அப்ப நான் தப்புச் செய்யலல்ல?"

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், சண்டை போட்டவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். றிஸாத் வரைபடத்தைச் சுருட்டி, வேட்டி கட்டியிருந்த ஒரு பெரியவர் கையில் கொடுத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான்.

படம் போனதில் ஒரு நன்மையும் விளைந்தது. அதை வரைந்தவர் திடலைக் கண்ணால் கண்டதில்லை. காற்று அடிக்கிற பக்கம் பார்த்து நான்கு யன்னலை வைத்திருந்தார். விஜேந்திரன் வேண்டாம் என்றார். லீலாதேவி டீச்சரும் எழுந்து வந்தார்.

"காத்து வாற பக்கம் யன்னலே வேண்டாம். எல்லாத்தையும் கோயில் பக்கம் வையுங்கோ. வெளிச்சமும் அங்காலதான் வருது. கதவு திடலைப் பாக்கட்டும், பிள்ளையள் ஓடுறது எனக்குத் தெரிய வேணும்."

கேட்ட இடத்தில் யன்னல், சொன்ன பக்கம் கதவு. ஒன்றைப் பூட்டிய பிறகு பெரியாயி வந்து இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் நல்லது என்றாள். நான்கு போல்ட்டைக் கழற்றித் தள்ளிப் பூட்டினார்கள். எது எங்கே என்று கேட்டு யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கைக்கு வந்த பலகையைத் தூக்கினார்கள், பொருத்தினார்கள், முடுக்கினார்கள். விஜேந்திரன் சட்டத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கூரைத் தகடுகளை வாங்கி வாங்கிப் பதித்தார். உயரமும் காற்றும் அவருக்குப் பழகியவை. முடிச்சுப் போட்டே பழகிய விரலுக்கு நட்டு முடுக்கத்தான் முதல் நாள் கொஞ்சம் தடுமாறியது, இரண்டாம் நாள் றிஸாத்தின் ஆட்களையே முந்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குக் கடைசித் தகடு ஏறியது. சுவரெல்லாம் சந்தனப் பட்டையும் குங்குமப் பொட்டுமாக அப்படி ஒரு பள்ளிக்கூடத்தை அந்த மலை அதற்குமுன் கண்டதில்லை.

திங்கட்கிழமை விடியும்போதே மழை. காற்றும் சேர்ந்துகொண்டது. எட்டு மணிக்கு, கம்பி நிமிர்ந்து பின்னால் மடங்கிய குடையோடு கல்வி அதிகாரி பரமலிங்கம் ஏறி வந்தார். தோளில் ஒரு பை. பைக்குள் பொலித்தீனில் சுற்றிய நாற்பத்தேழு மாற்றல் கடிதங்கள். கையெழுத்துப் போட்டுத் தயாராகவே கொண்டுவந்திருந்தார். விஜேந்திரன் கூரைத் தாழ்வாரத்தில் நனைந்துகொண்டு நின்றார். அந்தப் பையைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுத்து, முடுக்கிய போல்ட்டையே மறுபடி முடுக்கினார்.

அதிகாரி உள்ளே போனார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. சுவர் அசையவில்லை. ஆனால் ஒரு குறை, சொல்லத்தான் வேண்டும். தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் ஒருவர் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கவில்லை. பரமலிங்கம் ஏதோ கேட்டார். லீலாதேவி டீச்சர் காதைச் சாய்த்தார். அதிகாரி மறுபடி கத்தினார். டீச்சர் தலையை ஆட்டிவிட்டுச் சோக்கை எடுத்து நீட்டினார். அதிகாரியும் வேறு வழியில்லாமல் கரும்பலகையில் எழுதினார்.

கடிதம் 47.

பிள்ளைகள் ஒரே குரலில் வாசித்தார்கள். அவர்கள் கத்தினால் மழையையும் மீறிக் கேட்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. டீச்சர் கீழே எழுதினார்.

பிள்ளைகள் 49.

"பிள்ளைகள் நாற்பத்தொன்பது!" என்று அறை அதிர வாசித்தார்கள்.

பரமலிங்கம் புருவத்தைத் தூக்கினார். எண்ணிப் பார்த்தார், இரண்டு அறையையும் எண்ணினார். நாற்பத்தொன்பதுதான். பின்வரிசையில் இரண்டு சிறுமிகள் புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். கீழ்ப்பிரிவுப் பிள்ளைகள். போன வருடம் பசறைக்கு பஸ்ஸில் அனுப்பி, தீபாவளியோடு நின்றுபோனவர்கள். பொங்கலன்று பலகை சுமந்த தாய்மார், தாங்கள் சுமந்தது என்னவாயிற்று என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். உள்ளே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் குறுக்குப் பாதையால் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அதிகாரி கொஞ்ச நேரம் அந்தச் சிறுமிகளையே பார்த்தார். பிறகு பையைத் திறந்து, கடிதக் கட்டைப் பாதி வெளியே எடுத்து, அப்படியே உள்ளே தள்ளிப் பட்டியைப் பூட்டினார். பேனையை எடுத்து வரவு இடாப்பில் இரண்டு புதுப் பெயர்களைத் தன் கையால் எழுதினார்.

மழை சற்றுத் தணிந்ததும் வெளியே வந்தார். கொங்கிரீட் கட்டையைக் காலால் தட்டினார், ஒரு போல்ட்டை விரலால் திருகிப் பார்த்தார்.

"கூடாரம் போடுறவர் எண்டு சொன்னவை, அது நீங்களோ?"

"ஆமாங்க சேர்."

"நீங்களே கூடாரம் வேண்டாமெண்டு சொன்னதாமே?"

"கல்யாணத்துக்குன்னா வேணும்னுதாங்க சொல்லுவேன்" என்றார் விஜேந்திரன். அதிகாரி சிரித்துவிட்டார். உடைந்த குடையை விரித்துப் பார்த்து, பயனில்லை என்று மடக்கிக்கொண்டு, நனைந்தபடியே இறங்கிப் போனார். மழைச் சத்தத்துக்கு அடுத்த வாரம் உள்கூரை அடித்துத் தருவதாகச் சொல்லி றிஸாத்தும் ஆட்களும் கிளம்பினார்கள். தாய்மார் மலைக்குப் போனார்கள். எல்லாப் பெருமையும் மஞ்சள் தண்ணீருக்குத்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள் பெரியாயி.

விஜேந்திரன் மட்டும் போகவில்லை. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்திலேயே நின்றார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். உள்ளே பிள்ளைகள் இரண்டாம் வாய்ப்பாடு சொன்னார்கள், பிறகு மூன்றாம் வாய்ப்பாடு சொன்னார்கள். லீலாதேவி டீச்சர் கதவடிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன விஜேந்திரன், இன்னும் நிக்கிறியள்?"

அவருக்கே அப்போதுதான் உறைத்தது. கூச்சத்தோடு சிரித்தார்.

"பழக்கதோசங்க டீச்சர். எல்லாரும் போனதும் கழட்டிக்கிட்டுப் போறதுதானே நம்ம வேல."

டீச்சர் திரும்பி அறைக்குள் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இண்டைக்கு ஒருத்தரும் போகேல்லை. நீங்கள் வீட்டை போங்கோ."

விஜேந்திரன் ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்பத்தொன்பது பிள்ளைகளும் நான்காம் வாய்ப்பாட்டைத் தப்புத் தப்பாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே படியேறி லயத்துக்கு நடந்தார்.